நீட்டிப் போட்ட பாவு

பெரியவளுக்கு விடிந்ததும் முதல் சண்டை முழங்காலோடுதான். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு காலையும் தேய்த்து, திட்டி, கெஞ்சி, அதற்குப் பிறகுதான் எழுந்து நிற்க முடியும். பின்பனிக் காலம் வந்தால் அந்தச் சண்டை இன்னும் நீளும். ஜன்னல் கண்ணாடி உள்பக்கமே வேர்த்துக் கிடக்கும். அடுப்பில் விறகைத் திணித்துவிட்டு, சூடாக எதையோ குடித்தோம் என்று பெயர் பண்ணிவிட்டு, தறியின் இடப்பக்கத்தில் போய் உட்காருவாள். வலப்பக்கத்தில் சின்னவள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பாள்.

தெருவில் யாருக்கும் அவர்களுடைய சொந்தப் பெயர் தெரியாது. அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள், அவ்வளவுதான் விலாசம். அந்த அண்ணனும் போய்விட்டான், தம்பியும் போய்விட்டான். ஓரகத்திகள் இரண்டு பேரும் மட்டும் ஒரே வீட்டில், ஒரே பலகையில், தோளுக்குத் தோள் உட்கார்ந்து கம்பளி நெய்துகொண்டிருக்கிறார்கள். உறவில் ஒட்டிக்கொண்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தறி அப்படி.

தறியைக் கொண்டுவந்த கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். அண்ணனும் தம்பியும் லாரி ஓட்டியவர்கள். எங்கேயோ ஒரு கம்பளி ஆலையை மூடினார்கள். இவர்கள் அங்கே சரக்கு ஏற்றப் போய், மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு தறியையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். வாசற்படியில் அது நுழையவில்லை. ஜன்னல் சட்டத்தைப் பெயர்த்து உள்ளே இறக்கினார்கள். அறையை அளந்துவிட்டுத்தான் வாங்கினோம் என்று அண்ணனுக்குப் பெருமை வேறு. அறையை அளந்தவன் பெண்டாட்டியின் கையை அளக்கவில்லை. அத்தனை அகலத் தறியில் ஒருத்தி தனியாக, குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடாக்கட்டையை வீசினால் அது பாதியிலேயே நின்றுவிடும். இந்த முனையில் ஒருத்தி தள்ள வேண்டும், அந்த முனையில் இன்னொருத்தி பிடிக்க வேண்டும். பிடித்தவள் திருப்பித் தள்ள வேண்டும். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அடிபலகையை இழுத்து, போட்ட இழையை இறுக்க வேண்டும். அன்றைக்கு உட்கார்ந்தவர்கள்தான். தறி அறையை அடைத்துக்கொண்டதால் சமையலறைக்குப் போகக்கூட இன்றைக்கும் ஒரு மரத்துக்கு அடியில் குனிந்துதான் போக வேண்டும்.

மிதிக்கட்டைகள் இடப்பக்கத்தில் இருந்ததால் மிதிக்கிற வேலை பெரியவளுக்கு வந்தது. முழங்கால் போனது அதில்தான். ஆனால் அதை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். சந்தையிலிருந்து மூட்டை தூக்கிவந்தது, ஈரத் தரையில் நின்று துவைத்தது என்று ஆயிரம் காரணம் சொல்வாள். தறியை மட்டும் குறை சொல்லமாட்டாள். யாராவது தறியைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அந்தத் தறிதான் அவளுக்கு உயிர் என்று தெருவே நம்பியது. அப்படி நம்பும்படி அவள்தான் நடந்துகொண்டாள்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு முறை வயிற்றில் தங்கி, இரண்டு முறையும் நிலைக்கவில்லை. அந்தக் குறையை அவள் வாய்விட்டு அழுது தீர்க்கக்கூட நேரமில்லாமல் சின்னவளுக்கு ஒரு பெண் பிறந்தது. தறிக்குப் பக்கத்தில் நூல் கூடையில் படுக்கவைத்து வளர்த்தார்கள். பால் கொடுத்தது சின்னவள். மற்றதெல்லாம் யார் செய்தார்கள் என்று கணக்குப் பார்க்கிற வீடு அது இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டே மிதித்தவள் பெரியவள். பள்ளிக்கூடத்தில் போய்ச் சண்டை போட்டவள் பெரியவள். பேன் பார்த்து, தலை பின்னி, நாலு சாத்தும் சாத்தி, "பெரியம்மா அடிச்சிட்டாங்க" என்று பெரியம்மாவிடமே வந்து அழுகிற பிள்ளையாக அவளை வளர்த்தவளும் அவள்தான்.

அந்தப் பெண் இப்போது துறைமுக நகரத்தில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். கட்டிக்கொண்டவன் மின்சார வேலைக்காரன், வாய் அதிகம் பேசாத நல்ல பையன். வாரத்தில் பாதி நாள் போன் வரும். முதலில் அம்மாவோடு நாலு வார்த்தை, பிறகு பெரியம்மாவோடு நாற்பது வார்த்தை என்றுதான் பல வருஷம் நடந்தது.

குளிர் தொடங்கிய சமயத்தில் ஒரு நாள் பெரியவள் கொல்லையில் விறகு எடுக்கப் போனாள். சின்னவள் சமையலறையில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒட்டுக் கேட்கிற புத்தி பெரியவளுக்குக் கிடையாது, ஆனால் சுவர் மெல்லியது, காது என்ன செய்யும்?

"குளிர் முடியட்டும், வந்துடறேன். அக்காகிட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்காதே" என்று சின்னவள் சொன்னாள்.

கையில் இருந்த விறகைப் பெரியவள் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். சின்னவள் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். பெற்றவள் மகளிடம் போகத்தான் போவாள், அதை யார் தடுக்க முடியும்? ஆனால் அந்தப் பெண், மடியில் கிடந்த பெண், அம்மா மட்டும் வந்தால் போதும் என்று நினைத்துவிட்டாளே. அதையும் பெரியம்மாவுக்குத் தெரியாமல் மறைத்துப் பேசுகிறாளே. அப்படியானால் இத்தனை வருஷமாக நான் யார்? சம்பளமில்லாத ஆயாவா?

நேரே போய், "என்னடி பேசினே?" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். கேட்கமாட்டாள். அவளாகச் சொல்லட்டும் என்று வீம்பு. அன்றிலிருந்து போன் வந்தால் பெரியவளுக்கு உடனே ஏதாவது வேலை வந்துவிடும். "பெரியம்மாகிட்ட குடும்மா" என்று அந்தப் பக்கத்தில் கேட்பது இவள் காதிலேயே விழும். "கை வேலையா இருக்குன்னு சொல்லு" என்பாள். வெறும் கையை மடியில் வைத்துக்கொண்டு சொல்வாள். சின்னவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதையே போனில் சொல்லிவிடுவாள்.

குளிர்காலம் முழுக்கப் போர்வை நெய்வார்கள். கடைக்காரர் வண்டி அனுப்பி எடுத்துக்கொண்டு போவார். பின்பனி தொடங்கியதும் போர்வைக்குக் கேட்பாரில்லை. மிச்ச நூலையெல்லாம் சேர்த்து, கலந்துகட்டிய நிறத்தில் தரைவிரிப்பு நெய்வார்கள். அதுதான் வருஷத்தின் கடைசிப் பாவு. பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற நூல்; அது எவ்வளவு நீளமோ அவ்வளவுக்குத்தான் நெசவு. அது தீர்ந்தால் வேலை தீர்ந்தது. இந்தக் கடைசிப் பாவு தீரும் நாளில்தான் சின்னவள் வாயைத் திறப்பாள், மறுநாள் பெட்டியைக் கட்டுவாள் என்று பெரியவள் முடிவு செய்துகொண்டாள். யாரும் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. அவளாகவே கேள்வி கேட்டு, அவளாகவே பதில் சொல்லி, அவளாகவே வயிறெரிந்தாள்.

அதனால்தான் அந்த வேலையைச் செய்தாள். சின்னவள் சாயம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்துப் பாவு போட்டாள். சுவரில் அடித்திருக்கிற முளைகளில் நூலை வளைத்து வளைத்து ஓட்டுவதுதான் பாவு போடுவது. எத்தனை முளை சுற்றுகிறோமோ அத்தனை நீளம். வழக்கமாக நிற்கிற முளையில் அவள் நிற்கவில்லை. அடுத்ததற்குப் போனாள், அதற்கடுத்ததற்கும் போனாள், கடைசி முளைவரை போய்விட்டாள். முழங்கால் ஓலமிட்டது. கவலைப்படாமல் நடந்தாள். நாலு விரிப்புக்கான பாவு ஏழு விரிப்புக்கு ஓடும்படி ஆகிவிட்டது. சின்னவள் திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் சடைபோல் பின்னிச் சுருட்டிக் கூடையில் போட்டு மேலே ஒரு சாக்கை மூடிவிட்டாள்.

மறுநாள் பாவைத் தறியில் ஏற்றினார்கள். பெரியவள் இந்தப் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ள, சின்னவள் பின்னால் நின்று உருளையைச் சுற்றினாள். சுற்றினாள், சுற்றினாள், சுற்றிக்கொண்டே இருந்தாள். சின்னவள் வாயைத் திறக்கவில்லை. பெரியவளும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உருளை குண்டாகிக்கொண்டே போனது. இவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, சாமர்த்தியமாகச் செய்துவிட்டோம் என்று பெரியவள் தன்னையே மெச்சிக்கொண்டாள். சும்மா சொல்லக்கூடாது, மெச்சிக்கொள்வதில் அவளுக்கு நிகர் அவள்தான்.

பிறகு ஆரம்பித்தது பாடு. ஏழு விரிப்பு என்றால் சும்மாவா? விரிப்பு நூல் தடிமன். அடிபலகையை இழுத்து இழுத்துத் தோள்பட்டை இற்றுப்போகும். மிதிக்கட்டை கல்லாகக் கனக்கும். வெளியே பனி உருகிச் சேறாகி, திரும்ப உறைந்து, திரும்பச் சேறானது. அறைக்குள் நூல் தூசியும் விறகுப் புகையும். இவள் தள்ளுவாள், அவள் பிடிப்பாள். அவள் தள்ளுவாள், இவள் பிடிப்பாள். நாள் முழுக்க இரண்டு பேருக்கும் நடுவில் நாடா ஒன்றுதான் போய் வந்துகொண்டிருந்தது. முன்பெல்லாம் தெருவில் இருக்கிற ஒருத்தரைக் கூட விடாமல் பேசித் தீர்ப்பார்கள். அடுத்த வீட்டுத் தையல்காரன் மனைவியின் நடை, கடைக்காரரின் புதுப் பல்செட், எல்லாம் அந்தப் பலகையில்தான் அலசப்படும். இப்போது நூல் அறுந்தால் "அறுந்துருச்சு", நூல் தீர்ந்தால் "தீர்ந்துருச்சு". வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருந்தார்கள்.

மூன்றாவது விரிப்பில் துணி கோணியது. இடப்பக்கம் இறுகிக் கட்டையாகவும் வலப்பக்கம் தளர்ந்தும், போட்ட கோடு சரிந்து ஓடியது. பெரியவள் சும்மா இருப்பாளா? உனக்குக் கையில் வலு இல்லை, மனசு இங்கே இல்லை, வேலை செய்ய இஷ்டமில்லாவிட்டால் சொல்லிவிட வேண்டியதுதானே என்று பொரிந்து தள்ளினாள். அதற்காவது அவள் சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தாள். சின்னவள் குனிந்து துணியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "என் பக்கம் எப்பவும்போலத்தான் இருக்குக்கா. நீங்கதான் யார் மேலயோ கோபமா இருக்கிற மாதிரி அடிக்கிறீங்க" என்றாள். உண்மைதான். கோபம் அத்தனையும் இடப்பக்கத்துத் துணியில் போய் இறங்கியிருந்தது. ஒரு சாண் அளவுக்குப் பிரித்து மறுபடியும் நெய்தார்கள். பிரிக்கும்போது பெரியவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தூசி என்று சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

ஐந்தாவது விரிப்புக்குள் அவள் அடியோடு ஓய்ந்துவிட்டாள். சாப்பிட உட்கார்ந்தால் கையில் எடுத்ததை வாய்க்குக் கொண்டுபோக அலுப்பாக இருந்தது. இரவில் படுத்தால் படுத்தபடியே கால் தானாக மிதித்தது. இந்தப் பாவு எப்போது தீரும் என்று உருளையை எட்டிப் பார்ப்பாள். தீரவில்லையே என்று சலிப்பாள். உடனே, தீர்ந்துவிட்டால் இவள் போய்விடுவாளே என்று பயப்படுவாள். தான் வெட்டிய குழியில் தானே இறங்கி உட்கார்ந்துகொண்டு மேலே பார்க்கிற கதை. ஒரு நாள் அவளுக்கே தோன்றியது: இந்தத் தறியை எனக்கு எப்போதாவது பிடித்திருந்ததா? யோசித்துப் பார்த்தாள். பிடித்ததே இல்லை. பக்கத்தில் உட்கார ஒருத்தி, காலடியில் ஒரு குழந்தை, அதற்காக உட்கார்ந்தாள். குழந்தை போய்விட்டது, இனி பக்கத்தில் இருப்பவளும் போய்விடுவாள், பிறகு இந்த மரச்சாமானைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது?

ஏழாவது விரிப்பும் ஒரு வழியாக முடியும் நிலைக்கு வந்தது. உருளையில் இருந்த நூல் முழுவதும் இறங்கி, பாவின் கடைசி முடிச்சுகள் கண்ணுக்குத் தெரிந்தன. இன்னும் ஒரு முழம் நெய்யலாம். சின்னவள் தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாய்க்குப் போயிருந்தாள். பலகையில் அவள் விட்டுப்போன போன் அடித்தது. அடித்து நின்று, மறுபடியும் அடித்தது. எழுந்து நகர்ந்துவிடலாம் என்று பார்த்தால் முழங்கால் வரவில்லை. கை வேலையாக இருக்கிறது என்று சொல்லவும் பக்கத்தில் ஆள் இல்லை. எடுத்தாள்.

"பெரியம்மா? அப்பா, ஒரு வழியா உங்க குரல் கேட்டுச்சு." அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. "என் மேல என்ன கோபம் உங்களுக்கு? வர இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. அதுக்காகப் பேசாம இருக்கணுமா?"

எங்கே வர என்று பெரியவள் கேட்டாள்.

"அம்மா இன்னும் கேக்கவே இல்லையா?" என்றாள் பெண். பிறகு கொட்டித் தீர்த்துவிட்டாள். புது வீடு பார்த்திருக்கிறார்களாம். மாடியில் கடல் தெரிகிற வீடு ஒன்று இதைவிடக் குறைந்த வாடகைக்குக் கிடைத்ததாம். பெரியம்மாவுக்குப் படி ஏற முடியாதே என்று கீழ் வீடாகப் பார்த்து எடுத்தார்களாம். குளிர் தொடங்கும்போதே இரண்டு பேரையும் வந்துவிடச் சொன்னாளாம். நானே பெரியம்மாவிடம் கேட்கிறேன் என்று எத்தனையோ முறை சொல்லியும், அவசரப்படாதே, நான் பக்குவமாகச் சொல்கிறேன் என்று அம்மா தடுத்துவிட்டாளாம். குளியலறையில் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஒரு கம்பிகூட அடித்தாகிவிட்டதாம்.

பெரியவளால் அதற்குமேல் கேட்க முடியவில்லை. அப்புறம் பேசறேன்டி கண்ணு என்று வைத்துவிட்டாள். இந்தப் பனிக்காலம் முழுக்க எந்தப் பிள்ளையை மனசுக்குள் கரித்துக்கொட்டினாளோ, அந்தப் பிள்ளை அங்கே இவளுடைய முழங்காலை நினைத்து வீடு தேடிக்கொண்டிருந்திருக்கிறது. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்தும் கொண்டாள்.

குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சின்னவள் வந்து பார்த்தபோது பெரியவள் தறியில் உட்கார்ந்து விம்மிக்கொண்டிருந்தாள். போன் பலகையில் கிடந்தது. சின்னவளுக்கு விளங்கிவிட்டது. தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாடி?" என்றாள் பெரியவள்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

பெரியவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். வந்திருப்பேன் என்று சொல்லத்தான் பார்த்தாள். ஆனால் உள்ளுக்குள்ளே அவளுக்குத் தெரியும். நான் எதற்கு, நீ போ, என்னால் யாருக்கும் தொந்தரவு வேண்டாம், தறியை யார் பார்ப்பது என்று வீராப்பாக ஒரு பாட்டம் பேசியிருப்பாள். பேசிவிட்டால் பிறகு கழுத்தை அறுத்தாலும் அதிலிருந்து இறங்கமாட்டாள்.

"மாட்டேன்னுதான் சொல்லியிருப்பீங்க" என்றாள் சின்னவள். "நீங்க ஒரு தடவை மாட்டேன்னு சொல்லிட்டா அப்புறம் நானும் போக முடியாது. உங்களைத் தனியா விட்டுட்டு எங்க போறது? அதான் கேக்காமலே நாளை ஓட்டுனேன். உருளையைச் சுத்துறப்பவே தெரியும், நீங்க பாவை நீட்டிட்டீங்கன்னு. நான் போறது உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு, பிடிச்சு வெக்கப் பார்க்குறீங்கன்னு புரிஞ்சுது. நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன்."

"எது நல்லதாப் போச்சு?"

"ஏழு விரிப்பு நெய்யட்டும். நல்லாக் களைச்சுப் போகட்டும். மாட்டேன்னு சொல்றதுக்குக்கூடத் தெம்பு இல்லாமப் போகட்டும். அன்னிக்குக் கேப்போம்னு இருந்தேன்." சின்னவள் தன் தோள்பட்டையைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். அவளுக்கும் கண் சிவந்திருந்தது. "என் தோளும் சேர்ந்து போச்சு, அது வேற விஷயம். இப்பக் கேக்குறேன். வர்றீங்களாக்கா?"

பெரியவள் அந்த 'மாட்டேன்' எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். வீராப்பு, வீம்பு, ஆயிரம் சாக்கு, எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிற எதுவுமே அன்றைக்கு அகப்படவில்லை. அலுப்பு மட்டும்தான் இருந்தது. அந்த அலுப்புக்கு அடியில், ஒரு குளியலறைச் சுவரில் தனக்காக அடித்திருக்கிற கம்பியின் நினைவு இருந்தது.

கட்டிக்கொண்டவன் இருந்தபோதுகூட அவள் யாரிடமும் கை கேட்டதில்லை. விழுந்தாலும் தரையைப் பிடித்துத் தானே எழுந்துவிடுகிற பிறவி. இப்போது வலப்பக்கமாகக் கையை நீட்டினாள்.

"முதல்ல என்னை இந்தப் பலகையிலேர்ந்து எழுப்பி விடுடி" என்றாள். "என்னால முடியல."

சின்னவள் எழுந்து வந்து இரண்டு கையாலும் அவளைத் தூக்கி நிறுத்தினாள்.